பொதுமக்கள் என்பவர்

தோல் பதனிடும் தொழிற்பேட்டை என்றுதான் அதற்கு முதலில் பெயர். பேட்டை என்றால் நாறும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் பலகையை மாற்றி 'தொழிற்பூங்கா' என்று எழுதினார்கள். அன்றைக்கே பாதி நாற்றம் போய்விட்டதாக நிர்வாகம் அறிவித்தது. பலகையை நம்பி ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடும் பந்தோடும் வந்து இறங்கியது. லாரியிலிருந்து உப்புப் போட்ட தோல்கள் சரிவதைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வந்த வழியே ஓடிப் போனது. பூங்காவின் ஆண்டறிக்கையில் அந்தக் குடும்பம் 'சுற்றுலாப் பயணிகள்' என்று இன்றைக்கும் இருக்கிறது.

பூங்காவின் பின் மதிலை ஒட்டி ஒரு தெரு உண்டு. வீடுகள் வரிசையாக இருக்கும். ஆட்கள்தான் இருக்க மாட்டார்கள். இருமலுக்குப் பயந்து சிலரும், கிணற்றுத் தண்ணீர் காப்பி நிறத்துக்கு வந்ததைப் பார்த்துச் சிலரும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒருவர். டிரம்காரர்.

தோலையும் சுண்ணாம்பையும் ரசாயனத்தையும் போட்டு உருட்டுகிற பெரிய மரப் பீப்பாய்க்கு டிரம் என்று பெயர். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை அதை உருட்டியவர் அவர். அந்த வேலை அவருக்குச் சோறு போட்டது, மகளைக் கட்டிக்கொடுத்தது, கூலியாக அவருடைய மூக்கை எடுத்துக்கொண்டது. மூக்கு முகத்தில் இருக்கிறது, எடுப்பாகவே இருக்கிறது. வாசனைதான் தெரியாது. பால் கெட்டுப் போனதா என்று கூட மனைவிதான் முகர்ந்து சொல்ல வேண்டும்.

அந்த மனைவியும் இப்போது கூட இல்லை. அவளுக்கு இளைப்பு நோய். "இந்தக் காத்துலயே இருந்தீங்கன்னா அடுத்த மழைக்காலத்தை நான் உறுதியாச் சொல்ல முடியாதும்மா," என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வந்து அழைத்துப் போனாள். கிளம்பும்போது மனைவி அவரிடம், "நாத்தம் போனதும் ஒரு வார்த்தை சொல்லுங்க, மறுநாளே வந்துடறேன்," என்றாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்!

அவரும் அங்கேயே போய் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். மகள் வீடு அடுக்குமாடியில் இரண்டே அறை. சம்பந்தியம்மா ஏற்கெனவே ஓர் அறையில் இருந்தார். அதுகூடப் பரவாயில்லை. இவர் படியேறிய மறுநாள், எங்கேயோ சாக்கடை உடைந்திருக்கிறது என்று கீழ் வீட்டுக்காரர் ஆள் கூட்டி வந்து தேடினார். மருமகன் நல்லவர், வாயைத் திறக்காமல் புதுச் சட்டை வாங்கித் தந்தார். புதுச் சட்டையும் ரெண்டு நாளில் பழைய சட்டை மாதிரியே ஆனது. மகள் ஓயாமல் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். அவர் புரிந்துகொண்டு, வீட்டைப் பூட்டாமல் வந்துவிட்டதாக ஒரு பொய் சொல்லித் திரும்பினார்.

அதற்கப்புறம் தினமும் போன்தான். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று மனைவி கேட்பாள். அவர் வாசலில் போகிற லாரிக்காரரை நிறுத்தி விசாரித்துவிட்டு, "அப்படியேதான் இருக்காம்," என்பார்.

இந்தச் சமயத்தில்தான் பூங்காவுக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கும் ஆசை வந்தது. சான்றிதழ் இல்லாத தோலை இனித் தொட மாட்டோம் என்று வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகள் சொல்லிவிட்டன. விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கப்பட்ட பொதுமக்களைக் கலந்து பேச வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. பொதுமக்களைத் தேடிக்கொண்டு பியூன் சைக்கிளில் தெருத் தெருவாகச் சுற்றினார். கடைசியில் டிரம்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"பொதுமக்கள் வீடு இதுதானா?"

"வேற யாரும் இல்லீங்க. நான்தான் இருக்கேன்."

"அப்ப நீங்கதான். வெள்ளிக்கிழமை கூட்டம். திரளா வந்துடுங்க."

அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு திரளாகப் போனார். மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றபோது ஒலிபெருக்கி, "பொதுமக்கள் முண்டியடிக்காமல் வரிசையில் வந்து அமரவும்," என்றது. முண்டியடிக்காமல் நாலாவது வரிசையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். "பொதுமக்கள் அமைதி காக்கவும்," என்றது.

முதலில், பொதுமக்கள் தங்களுக்குள் பேசி ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். பத்து நிமிடம் அவகாசம் கொடுத்து அதிகாரிகள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். தன்னோடு தானே பேசுவது அவருக்குப் புதிதில்லை. வீட்டில் அதுதான் நடக்கிறது. இருந்தாலும் அவ்வளவு நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பேச வெட்கமாக இருந்தது. வந்து கேட்டபோது, "நானே இருந்துக்கறேங்க," என்றார். ஏகமனதாகத் தேர்வு என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறகு பூங்காவின் இயக்குநர் எழுந்தார். அவருக்கு மேடை என்றால் உயிர். காலி மண்டபம் என்றால் இன்னும் உற்சாகம், யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

"பொதுமக்களே! இந்தப் பூங்காவைச் சுத்தம் பண்ணியிருக்கலாம். அது சுலபம், எவன் வேணும்னாலும் செய்வான். நாங்க கஷ்டமான வழியைத் தேர்ந்தெடுத்தோம். உங்க மனசைச் சுத்தம் பண்ண முடிவு பண்ணினோம். ஆறு கறுப்பா ஓடுதுன்னு குறை சொல்றாங்க. போன வருஷம் நீலமா ஓடுச்சு, அப்பவும் குறை சொன்னாங்க. எந்த நிறம்தான்யா வேணும் உங்களுக்கு? நம்ம சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க வர்றவங்க எல்லாரும், 'பத்து வருஷம் ஆகியும் புத்தம் புதுசா இருக்கே, எப்படிப் பராமரிக்கிறீங்க'ன்னு கேக்கறாங்க. ரகசியம் ஒண்ணும் இல்லை. நாங்க அதை ஓட்டறதே இல்லை!"

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். டிரம்காரரும் மரியாதைக்குத் தட்டினார். கேள்வி நேரம் வந்தது.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நாத்தம் எப்பங்க போகும்? என் சம்சாரம் வரணும்."

இயக்குநர் பக்கத்தில் இருந்த ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இவர் பசுமைக்கென்றே தலைநகரத்திலிருந்து வரவழைக்கப்பட்டவர். குளிர்சாதன அறையை விட்டு இறங்கியதில்லை. "இப்ப உங்களுக்கு நாத்தம் அடிக்குதா?" என்று கேட்டார்.

"எனக்கு அடிக்காதுங்க. எனக்கு மூக்கே—"

"அடிக்கலை! எழுதிக்கோங்க. பொதுமக்களுக்கு நாத்தம் அடிக்கலை."

"இல்லீங்க, மூக்கு செத்துப் போச்சு. டிரம்ல வேலை பார்த்து—"

"மூக்கு சம்பந்தப்பட்டது சுகாதாரத் துறைங்க. நாங்க நாத்தம் மட்டும்தான்."

கூட்டக் குறிப்பில், 'பொதுமக்களில் ஒரு பிரிவினர் தலைப்புக்குத் தொடர்பில்லாத விஷயங்களை எழுப்பினர். மற்றவர்கள் திருப்தி தெரிவித்தனர்' என்று வந்தது. இரண்டு பிரிவும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தன.

இத்தோடு விட்டிருந்தால்கூட மன்னித்திருக்கலாம். ஆனால் அலமாரி நிறைய இருபது வருஷத்துப் புகார்கள் கிடந்தன, எல்லாவற்றிலும் 'நாற்றம் தாங்கவில்லை' என்ற ஒரே வாக்கியம். சான்றிதழ்க்காரர்கள் பார்த்தால் குடி கெட்டது. ஆலோசகர் ஒரு புலவரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். புலவர் ஒரு வாரம் பழைய நூல்களில் தலையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஐயா, நாற்றம் என்றால் பழந்தமிழில் நறுமணம்! பூவுக்கு நாற்றம் உண்டு, சந்தனத்துக்கு நாற்றம் உண்டு. இடைக்காலத்தில் சில அரைகுறைகள் பொருளைக் கெடுத்துவிட்டார்கள்."

இயக்குநர் நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டார். "அப்ப இத்தனை வருஷமா ஜனங்க நம்மைப் பாராட்டிட்டு இருந்திருக்காங்க! நமக்குத்தான் தமிழ் தெரியலை!"

அன்று சாயங்காலமே புகார் அலமாரியின் மேல் 'பாராட்டுகள்' என்று ஒட்டியாயிற்று. 'நாற்றம் தாங்காமல் ஊரை விட்டுப் போகிறோம்' என்று எழுதியவர்கள் 'இன்பப் பெருக்கால் வெளியேறியவர்கள்' என்ற தலைப்பில் சேர்க்கப்பட்டார்கள். கிளம்பும் முன் புகார் எழுதிப் போட்டிருந்த தன் மனைவியின் பெயரும் அதில் இருப்பதைப் பியூன் சொல்லி டிரம்காரர் தெரிந்துகொண்டார். அன்றிரவு அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அடுத்து மலை. சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகாமல் வெளியே கொட்டிய கசடும், தோலிலிருந்து சீவிய சதையும் சேர்ந்து பூங்காவுக்குப் பின்னால் ஒரு குன்றாக நின்றது. அதை அள்ளச் செலவாகும். மேலே பச்சைப் பாயை விரித்து, உச்சியில் ஒரு சிமெண்டு பெஞ்சு போட்டு, 'மக்கள் மகிழ்விடம்' என்று பெயர் வைத்தார்கள். மகிழ்விடத்தை மக்கள் பயன்படுத்துவதாகப் படம் வேண்டும். தினமும் மாலையில் வந்து உட்காரும்படி டிரம்காரருக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் இருந்தாலும் தனியாகத்தானே இருக்கிறோம் என்று அவரும் போனார். காக்கைகூட அந்தப் பெஞ்சுப் பக்கம் வராது. அங்கிருந்து பார்த்தால் அவருடைய தெரு முழுசும் தெரியும். ஓடுகள் சரிந்த வீடுகள், கொடியில் அவருடைய ஒற்றை வேட்டி. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவார். அது பழக்கம், அவரால் மாற்ற முடியவில்லை. படம் பிடித்தவன், "நடுவுல உட்காருங்க பெரியவரே, கூட்டமாத் தெரியணும்," என்று கத்துவான்.

சான்றிதழ் விழாவும் அன்றைக்கே நடக்கவிருந்த தணிக்கையும் நெருங்கின. நாற்றத்தை அளக்க ஒரு கருவி வாங்கினார்கள். பெட்டியைத் திறந்ததுமே முள் கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது, திரும்பவே இல்லை. கருவி பழுது என்று தீர்மானம் போட்டார்கள். கருவி இல்லாவிட்டால் பரவாயில்லை, விழாவுக்கு வந்து கூடியிருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பேன், ஒருவராவது மூக்கைப் பொத்தினாலோ சுளித்தாலோ சான்றிதழ் கிடையாது என்று தணிக்கைக்கு வெளியூரிலிருந்து வரவிருந்த அம்மையார் எழுதியிருந்தார். பூங்காவில் முகப் பயிற்சி தொடங்கியது. காலையில் ஊழியர்கள் எல்லாரும் கழிவுக் கால்வாய் ஓரம் வரிசையாக நின்று, ஆழமாக மூச்சை இழுத்து, புன்னகை செய்ய வேண்டும். மயங்கி விழுந்தவர்களுக்கு அரை நாள் விடுப்பு வெட்டு. டிரம்காரர் மட்டும் பயிற்சியே இல்லாமல் முதலாவதாகத் தேறினார். "பாருங்கய்யா, பொதுமக்கள்னா இப்படி இருக்கணும்," என்று இயக்குநர் அவரை முன்னால் நிறுத்திக் காட்டினார்.

விழாவுக்கு ரெண்டு நாள் முன்பு ஆலோசகர் அவரைக் கூப்பிட்டார். மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோல் ஒன்றுக்கு ஆலோசகர் 'பச்சைத் தோல்' என்று பெயர் சூட்டி, மாதிரியை ஆபீஸ் மேஜையில் வைத்திருந்தார். அதைப் பொதுமக்கள் கையாலேயே மேடைக்குக் கொண்டு வந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"விழா மேடைக்கு ஒரு பச்சைத் தோல் வேணும். நீங்கதான் கொண்டு வரணும்."

டிரம்காரருக்குத் தெரிந்த பச்சைத் தோல் உலகத்தில் ஒன்றுதான். மாட்டிலிருந்து உரித்து, உப்புகூடப் போடாத தோல். அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அதுதான் பச்சைத் தோல்.

"மேடைக்காங்க? பச்சைத் தோலா?"

"ஆமா. எவ்வளவுக்கெவ்வளவு பச்சையோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது."

"அப்ப காலையில உரிச்சதாப் பார்த்துக் கொண்டாந்துடறேங்க."

ஆலோசகர் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னார். "நாத்தமே இல்லைன்னு சான்றிதழ் தர்றாங்களாம்."

"நிஜமாவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்? வெளியூர்லேருந்து ஒரு அம்மா வந்து எழுதித் தர்றாங்க. முத்திரை போட்டு."

"முத்திரை போட்டுத் தர்றாங்கன்னா சும்மாவா தருவாங்க?" என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு வெகு காலமாகியிருந்தது. "நான் வர்றேன். அன்னைக்கே வர்றேன். பாயெல்லாம் வெயில்ல போட்டு வைங்க."

பாயைப் போட்டார். அவளுடைய தலையணைக்கு உறை மாற்றினார். வீட்டைப் பெருக்கிவிட்டு, சரியாகப் பெருக்கவில்லை என்று தோன்றி மறுபடியும் பெருக்கினார்.

விழா நாளில் பட்டுத் துணி போர்த்திய தட்டு மேடையில் இருந்தது. அதைத் தூக்கி வைக்க நாலு பேர் வேண்டியிருந்ததே, ஏன் என்று யாருக்காவது தோன்றியதா? தோன்றவில்லை. டிரம்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பையோடு அவள் உள்ளே வந்தாள். இளைத்திருந்தாள், தலைக்குச் சாயம்கூடப் போட்டிருந்தாள். அவர் எழுந்து பையை வாங்கிக்கொண்டார். "டீ குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார். பொதுமக்களின் தொகை ஒரே நாளில் இரண்டு மடங்காகிவிட்டது என்று ஆலோசகர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

இயக்குநர் கம்பீரமாக நடந்து வந்து பட்டுத் துணியை விலக்கினார்.

ரத்தம் இன்னும் காயவில்லை. ஒரு காதும் வாலும் அப்படியே இருந்தன. எங்கிருந்தோ ஈக்கள் வந்தன. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஓர் அலை எழும்பி, எழும்பிய இடத்திலேயே நின்றது. ஏனென்றால் தணிக்கை அம்மையார் பேனாவைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஊழியர்கள் அத்தனை பேரும் ஆழமாக மூச்சை இழுத்துப் புன்னகை செய்தார்கள். பயிற்சி வீண் போகவில்லை.

"இதோ... நமது பச்சைத் தோல்," என்றார் இயக்குநர். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வந்தது. "ஆனந்தக் கண்ணீர். இதன் நாற்றம்... புலவர் ஐயா சொன்ன பொருளில் சொல்றேன்... இதன் நாற்றம் உலகமெங்கும் பரவணும்." அதன் ஒரு ஓரத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். சட்டை முன்புறம் நனைந்தது. ஒரு பாட்டுக்காரர் போல வாயை மட்டும் திறந்து மூச்சு விட்டுக்கொண்டே அரை மணி நேரம் பேசினார். கீழே இறக்கினால் தப்பாகத் தெரியும் என்று கடைசி வரைக்கும் இறக்கவில்லை. புலவர் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பது போல் இருந்தார். உண்மையில் நினைவு இல்லை.

டிரம்காரர் மேடையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த முகத்தைத்தான் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது. முந்தானையைக் கையில் சுருட்டி மடியில் அழுத்தி வைத்திருந்தாள், தன்னை அறியாமல் மூக்குக்குப் போய்விடக் கூடாதென்று. சான்றிதழுக்காக அவள் அப்படிச் செய்யவில்லை. இங்கே இருக்க வேண்டும் என்று செய்தாள்.

'எல்லா முகங்களும் மலர்ந்திருந்தன' என்று எழுதி அம்மையார் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்கம் ஓடி எல்லாரும் வாந்தி எடுத்தார்கள். அம்மையாரும்தான். மண்டபத்தை விட்டு வெளியே வந்து எடுத்ததால் அது கணக்கில் வராது.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைத் திறக்காமலே துடைப்பத்தை எடுத்தாள். ஜன்னலைத் திறந்தாள். பாலை முகர்ந்து பார்த்துக் கொட்டினாள். டீ போட்டுக் கொடுத்தாள். எல்லாம் முன்பு போலவே நடந்தது, ஒன்றைத் தவிர: இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அவள் நின்று மூச்சு வாங்கினாள். "அந்தத் தோலால... வந்த நாத்தம். இங்க... ஒண்ணும் இல்லை," என்றாள். பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உறிஞ்சினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். உதடு நீலம் பாய ஆரம்பித்ததும் அவர் எழுந்து அவளுடைய பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

கடைசி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கீழே நின்றார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இன்னைக்கு அந்தத் தோலாலதாங்க. அதை விட்டாக் கொஞ்சம்தான் இருக்கு. பழகிடும். அடுத்த வாரம் மொத்தமா வந்துடட்டுமா?"

வா என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார், குப்பை மேட்டில் உட்கார்ந்தார். நாற்றம் இல்லை என்று முத்திரை போட்ட காகிதம் இருக்கிறது. அவருடைய மூக்கும் அதையேதான் சொல்கிறது. அவர் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார். காற்று வந்தது, அவ்வளவுதான்.

"வேண்டாம்," என்றார். "நாறுது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கே நாறுதுன்னாப் பாத்துக்கோ."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, மூச்சு கிடைக்காமல் விட்டுவிட்டாள். பஸ் உறுமியது.

"ஜன்னலைச் சாத்திக்கோ," என்றார் அவர்.

அவள் சாத்திக்கொண்டாள்.